குங் ஃபூ பாண்டா 4: குறைந்தது பணமா, கதையா?

கேள்வி சுருக்கமாக இதுதான். குங் ஃபூ பாண்டாவின் முதல் மூன்று பாகங்களையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பலமுறை பார்த்து ரசித்த ஒருவருக்கு நான்காவது பாகம் சப்பென்று இருக்கிறது. படம் கண்ணுக்கு அழகு, சண்டைக்குக் குறைவில்லை, நாயகன் போ என்ற பாண்டாவுக்கு அதே ஜாக் பிளாக் குரல். ஆனாலும் ஏனோதானோ என்று எடுத்த மாதிரி ஓர் எரிச்சல். பட்ஜெட்டைக் குறைத்துவிட்டார்களா, அனிமேட்டர்கள் அக்கறை இல்லாமல் வேலை செய்தார்களா, இல்லை வயதாகிவிட்டதால் தனக்குத்தான் ரசனை மாறிவிட்டதா என்று கேட்கிறார். அடுத்த முறை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்றும் கேட்கிறார்.

ரசனை மாறவில்லை. எரிச்சல் நியாயமானது. அது யார் மேல் போக வேண்டும் என்பதில்தான் கொஞ்சம் விளக்கம் தேவை.

முதலில் அனிமேட்டர்களை விட்டுவிடலாம். 90 நிமிடப் படம் என்றால், விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 1,29,600 ஃபிரேம்கள். திரையரங்குத் தரத்தில் ஓர் அனிமேட்டர் ஒரு வாரத்தில் முடிப்பது சில விநாடிகள்தான். ஒரு ஷாட் அவர் மேசைக்கு வந்து சேரும்போது யார் என்ன பேசுகிறார், எங்கே நிற்கிறார், ஷாட் எத்தனை ஃபிரேம் ஓடும் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். அவர் கையில் இருப்பது அந்தச் சில விநாடிகளின் நடிப்பு மட்டும். நான்காம் பாகத்தில் வில்லியான பச்சோந்தி ஓர் உருவத்திலிருந்து இன்னோர் உருவத்துக்கு மாறும் இடங்களைக் கவனித்தால் தெரியும், வேலையில் கைதேர்ந்தவர்கள் செய்தது அது. படத்தின் குறை அந்த மேசைக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே நுழைந்துவிட்டது.

பட்ஜெட் குறைந்தது உண்மைதான். 2008-ல் வந்த முதல் படத்துக்குச் சுமார் 130 மில்லியன் டாலர், 2011-ல் இரண்டாவதற்கு 150, 2016-ல் மூன்றாவதற்கு 145. 2024 மார்ச்சில் வந்த நான்காவதற்கு 85. மூன்றாவதோடு ஒப்பிட்டால் ஐந்தில் இரண்டு பங்கு வெட்டு. ஆனால் இதையே முழுக் காரணமாகச் சொல்ல முடியாது. இந்தப் படங்களை எடுத்த அதே ட்ரீம்வொர்க்ஸ் ஸ்டுடியோ 2022 டிசம்பரில் 'புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்' படத்தை வெளியிட்டது. அதன் பட்ஜெட்டாகச் சொல்லப்படுவது 90 முதல் 110 மில்லியன். அதுவும் தொடர் பாகம்தான். அதுவும் முந்தைய படம் வந்து 11 ஆண்டுகள் கழித்து வந்தது. எட்டு உயிர் போய் ஒன்பதாவது உயிரில் நிற்கும் பூனை, அதைத் துரத்தும் ஓநாய்தான் மரணம் என்ற ஒரே எண்ணத்தின் மேல் முழுப் படமும் நிற்கிறது. பூனை பயத்தில் மூச்சு வாங்கி ஒரு மரத்தடியில் சரிந்துவிட, பெரிட்டோ என்ற நாய்க்குட்டி வந்து அதன் மேல் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. இரண்டு பாத்திரங்கள், ஒரு மரம். இதற்குப் பெரிய செலவு கிடையாது. இந்த இடத்தில் இந்தக் காட்சி வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வரை கதையை விடாமல் உலுக்கிய ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள்.

அப்படி உலுக்குவது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். திரைக்கதை ஓரளவு வடிவம் எடுத்ததும் ஸ்டோரிபோர்டு ஓவியர்கள் ஒவ்வொரு காட்சியையும் படம் படமாக வரைவார்கள். ஒரு முழுநீளப் படத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கான பேனல்கள் வரையப்படும். எடிட்டர் அவற்றை வரிசைப்படுத்தி, ஊழியர்களே தற்காலிகமாகப் பேசிய வசனம், வேறு எங்கிருந்தோ எடுத்த இசை எல்லாவற்றையும் சேர்த்து முழுப் படமாக ஓட்டுவார். இதுதான் ஸ்டோரி ரீல். மற்ற இயக்குநர்கள், எழுத்தாளர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்த்து எங்கே சலிப்பு, எங்கே நம்ப முடியவில்லை என்று சொல்வார்கள். பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி வரைவார்கள். சில மாதங்கள் கழித்து மறுபடி திரையிடல், மறுபடி குறை, மறுபடி வரைதல். நல்ல படங்கள் பல சுற்று இப்படி அடிபட்டு வந்தவை. பணக் கணக்கில் மொத்தப் படத்திலும் மலிவான கட்டம் இது. சின்னக் குழு, ஓர் எடிட்டிங் அறை போதும். காலக் கணக்கில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளைச் சாதாரணமாக விழுங்கிவிடும்.

தொடர் பாகங்களில் சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான். பெயர் பெற்ற வரிசை என்பதால் வெளியீட்டுத் தேதியைத்தான் முதலில் குறிக்கிறார்கள். பொம்மைக்கும் உடைக்கும் உரிமம் வாங்கியவர்களுக்குப் புதிய பாத்திரங்களின் வடிவம் ஓராண்டுக்கும் முன்பே போய்ச் சேர்ந்தாக வேண்டும். தேதியை நகர்த்த முடியாது, புதுப் பாத்திரத்தையும் நீக்க முடியாது என்று ஆன பிறகு குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: ரீலைக் கிழித்துப் போட்டு மறுபடி வரையும் சுற்றுகள். முதலில் தோன்றிய யோசனையே கடைசி வரை நின்று திரைக்கு வந்துவிடுகிறது. பார்க்கிறவர் சோம்பல் என்று உணர்வது பெரும்பாலும் இதைத்தான்.

இப்போது நான்காம் பாகத்தின் கதையைக் கையில் எடுப்போம். போ இனி ஊரைக் காக்கும் டிராகன் வீரனாக இருக்க முடியாது, அமைதிப் பள்ளத்தாக்கின் ஆன்மிகத் தலைவனாக உயர வேண்டும், தனக்கு அடுத்த டிராகன் வீரனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று குரு ஷிஃபு சொல்கிறார். போவுக்கு மனமில்லை. அடி உதையில் கிடைக்கும் சந்தோஷத்தை விட்டுவிட்டுப் போதிக்கிறவனாக மாற அவன் தயங்குகிறான். தனியாகப் பார்த்தால் நல்ல தொடக்கம். ஆனால் மூன்றாம் பாகம் தொடங்கியதே இதே இடத்தில்தான். அதில் ஷிஃபு பயிற்சிப் பொறுப்பைப் போவிடம் ஒப்படைக்கிறார், போ முதல் நாளே சொதப்புகிறான், எனக்குக் கற்றுக்கொடுக்க வராது என்று ஒதுங்குகிறான். பிறகு பாண்டாக்களின் கிராமத்தில், உருள்வது, கட்டிப்பிடிப்பது, கொழுக்கட்டையை உதைத்து எறிவது என்று அவரவருக்கு இயல்பாக வருவதையே ஆயுதமாக்கிக் கற்றுக்கொடுக்கிறான். ஆசானாக மாறிவிட்ட அவனை, ஷிஃபுவின் குருவும் முதல் படத்தில் போவைத் தேர்ந்தெடுத்தவருமான ஊக்வே என்ற ஆமை தன் வாரிசு என்று சொல்லிக் கைத்தடியையும் கொடுத்து அனுப்புகிறார். எட்டு ஆண்டுகள் கழித்து வந்த படம் அந்தக் கைத்தடியை மட்டும் வைத்துக்கொண்டு, அதை அவன் எப்படிச் சம்பாதித்தான் என்பதை மறந்துவிடுகிறது. போ மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கப்படுகிறான்.

ஒரு பாத்திரம் முந்தைய படத்தில் வலிபட்டுக் கற்றதை அடுத்த படத்தில் கற்காதது போல் நடந்துகொண்டால், முந்தைய படத்தின் மேல் வைத்த பிரியமே அடிவாங்குகிறது. வெறும் சலிப்பு வரவேண்டிய இடத்தில் கோபம் வருவது அதனால்தான்.

அடுத்தது வில்லி. இரண்டாம் பாகத்தில் ஷென் என்ற மயிலை நினைத்துப் பாருங்கள். பாண்டாக்களைக் கொன்று குவித்தவன் அவன், போவின் பெற்றோரைப் பிரித்தவன் அவன். ஓர் ஓநாயின் கவசத்தில் ஷெனின் சின்னத்தைப் பார்த்ததும் சண்டை நடுவே போ உறைந்து நின்று அடி வாங்குகிறான். ஏன் உறைந்தோம் என்று அவனுக்கே தெரியாது. அதைத் தேடிப் போவதுதான் படம். படத்தின் தொடக்கத்தில் ஷிஃபு ஒரு நீர்த்துளியைச் சிதறாமல் கையில் வாங்கி உருட்டி விடுவார். கடைசியில் போ பீரங்கிக் குண்டை அதே கையசைவில் வாங்கித் திருப்பி அனுப்புகிறான். துளி குண்டாக மாறுவதற்கு நடுவில் இருக்கும் எல்லாக் காட்சிகளும் அவனை அந்த அசைவுக்குத் தகுதியாக்குகின்றன. உன் பெற்றோரை நான் பறித்த பிறகும் உனக்கு எப்படி மன அமைதி கிடைத்தது என்று ஷென் கேட்கும்போது, அந்தக் கேள்வி இருவருக்கும் சொந்தம்.

பச்சோந்திக்கும் போவுக்கும் அப்படி ஒரு கணக்கும் இல்லை. அவள் வேறு நகரத்தில் இருக்கிறாள், கைத்தடியைப் பறித்து ஆவி உலகத்தைத் திறக்க வேண்டும் என்பது அவள் திட்டம், அவ்வளவுதான். என்னை மிகவும் உறுத்துவது இதற்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு வாய்ப்பு. குங் ஃபூ கற்க ஆசைப்பட்டுப் போனபோது, உருவத்தில் சிறியவள் என்று சொல்லித் தன்னைத் துரத்திவிட்டார்கள் என்கிறாள் அவள். முதல் படத்தின் போ யார்? உருவத்தைப் பார்த்தே எல்லாரும் எள்ளி நகையாடிய நூடுல்ஸ் கடைப் பையன். ஷிஃபுவே அவனைத் துரத்தத்தான் பார்த்தார். ஒரே காயம், இரண்டு பேர். ஒருவனுக்கு ஓர் ஊக்வே கிடைத்தார், ஒருத்திக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பொருத்தத்தின் மேல் முழுப் படத்தையே கட்டியிருக்கலாம். படமோ அவளுடைய முன்கதையைச் சில வரி வசனத்தில் சொல்லிவிட்டு அடுத்த சண்டைக்குத் தாவிவிடுகிறது. ஸ்டோரி ரீலை இன்னும் இரண்டு முறை கிழித்திருந்தால் யாராவது ஒருவர் கை தூக்கி, "கதையே இதுதானே" என்று சொல்லியிருப்பார்கள்.

ஜென் என்ற நரிக்கும் அதே கதி. திருடியாக வருகிறாள், துரோகம் செய்கிறாள், திருந்துகிறாள், புதிய டிராகன் வீரனாகிறாள். இந்த நான்கும் நடக்கும் என்று முதல் 20 நிமிடத்தில் எட்டு வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும். ஊகிக்க முடிவதுகூடப் பெரிய தப்பில்லை. அவள் தகுதி பெறுவதைக் காட்டாமல் விட்டதுதான் தப்பு. முதல் படத்தில் ஒரே ஒரு கொழுக்கட்டைக்காக ஷிஃபுவும் போவும் சாப்ஸ்டிக்கால் சண்டை போடும் காட்சி, போ எப்படிக் கற்கிறான், ஷிஃபு அவனை எப்படிப் புரிந்துகொண்டார் என்ற இரண்டையும் ஒருசேரச் சொல்லிவிடும். இறுதியில் கிடைத்த கொழுக்கட்டையைப் போ சாப்பிடாமல் பசியில்லை என்று திருப்பித் தருவான். போவுக்கும் ஜென்னுக்கும் இடையில் அதற்கு இணையான காட்சி இல்லை. அதனால் கடைசியில் பட்டம் கைமாறும்போது அறிவிப்பு கேட்ட உணர்வுதான் வருகிறது.

முந்தைய பாகங்களில் போவோடு சேர்ந்து சண்டை போட்ட டைக்ரஸ், மங்கி, கிரேன், வைப்பர், மாண்டிஸ் என்ற ஐவரும் ஏன் இல்லை என்பது பலரும் கேட்பது. ஆளுக்கொரு வேலையாக வெளியூர் போயிருக்கிறார்கள் என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டு, முடிவில் தலைகாட்ட வைக்கிறார்கள். தயாரிப்புப் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணத்தை ஊகிக்கலாம். ஏஞ்சலினா ஜோலி, ஜாக்கி சான், லூசி லியு என்று குரல் கொடுத்தவர்கள் எல்லாரும் பெரிய நட்சத்திரங்கள். இன்னொன்று வெளியே தெரியாத செலவு: பழைய பாத்திரங்களை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நினைப்போம், அது முடியாது. ட்ரீம்வொர்க்ஸ் 2019 முதல் மூன்ரே என்ற புதிய ரெண்டரரை, அதாவது மாடல்களை இறுதிப் படமாக்கும் மென்பொருளை, தன் படங்களில் பயன்படுத்துகிறது. 2016-ன் மாடல்களுக்கு முடி, இறகு, செதில், மேற்பரப்பு, ஒளி எல்லாவற்றையும் புதிய முறைக்கு ஏற்றபடி மறுபடி அமைக்க வேண்டும். ஐந்து விதமான உடல்கள், ஐந்து விதமான ரிக்குகள், அதாவது உடலை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூடுகள். 85 மில்லியனில் இதைத் தவிர்க்க நினைத்தால் அதில் தவறில்லை. ஆனால் அந்த இல்லாமையைக் கதை உணர வேண்டும். தன் வாரிசைத் தேடும் போவுக்கு, ஐவரில் யாரையும் ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்ற கேள்வி ஒரு முறையாவது உறுத்த வேண்டாமா? முதல் படத்தில் அந்தப் பட்டம் டைக்ரஸுக்குப் போயிருக்க வேண்டியது. டைக்ரஸுக்கு அது இரண்டாம் முறை கைநழுவுகிறது. அவள் பேரைச் சொல்லும் ஒரே ஒரு நேர்மையான காட்சி, குரல் நடிகையே இல்லாமல்கூட, ஒரு கடிதமாக எழுதியிருக்கலாம். பணமில்லாததால் ஆளைக் குறைப்பது வேறு, ஆள் குறைந்ததே தெரியாத மாதிரிக் கதை எழுதுவது வேறு.

பழைய பாத்திரங்களைக் கூப்பிட்ட விதமும் இப்படித்தான். முதல் பாகத்தின் வில்லன் டாய் லங் திரும்ப வருகிறான், ஷெனும் மூன்றாம் பாகத்தின் வில்லன் காயும் ஆவிகளின் கூட்டத்தில் வந்துபோகிறார்கள். பார்த்த நொடியில் ஒரு மகிழ்ச்சி வரும். அந்த மகிழ்ச்சி முந்தைய படங்கள் சேர்த்து வைத்தது. புதிய படம் அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது. டாய் லங் போவுக்குத் தலைவணங்கும் ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் திருப்பித் தருகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படம் உலகமெங்கும் 540 மில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. மூன்றாம் பாகத்தைவிடக் குறைந்த செலவு, அதைவிட அதிக வசூல். எனவே ஸ்டுடியோவின் கணக்கில் இது தோல்வி கிடையாது. இந்த வழியை அவர்கள் கைவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணமும் இல்லை.

தொடர் பாகம் என்றாலே இப்படித்தான் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 'டாய் ஸ்டோரி 2' முதலில் திரையரங்குக்கே வராமல் நேரடியாக வீடியோவில் விற்கத் திட்டமிட்ட படம். பிறகு திரையரங்குப் படமாக உயர்த்தினார்கள். ஆனாலும் ரீலைப் பார்த்தபோது கதை வேலை செய்யவில்லை. குறை என்னவென்று துல்லியமாகப் பிடித்தார்கள்: உட்டி என்ற கௌபாய் பொம்மை கடைசியில் தன் சொந்தக்காரச் சிறுவன் ஆண்டியிடம் திரும்பிப் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் பதற்றமே இல்லை. தீர்வு, போகாமல் இருப்பதும் நியாயம்தான் என்று உணர வைப்பது. அதற்காக இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்கள். கீச்சுக் குரல் கெட்டுப்போய் அலமாரியில் தூசி படியும் வீஸி என்ற பெங்குயின் பொம்மை தொடக்கத்திலேயே உட்டிக்குத் தன் எதிர்காலத்தைக் காட்டுகிறது. பிறகு, தன்னை நேசித்த எமிலி என்ற சிறுமி வளர்ந்து பெரியவளாகித் தன்னைத் தானப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனதைப் பாடலாகச் சொல்கிறாள் ஜெஸ்ஸி என்ற இன்னொரு பொம்மை. அந்தப் பாடல் முடிந்ததும் உட்டியையும் ஜெஸ்ஸியையும் வாங்கவிருக்கும் ஜப்பானிய அருங்காட்சியகத்தில் என்றென்றும் பத்திரமாக இருக்கலாமே என்று நமக்கே தோன்றிவிடும். அப்புறம் உட்டி எடுக்கும் முடிவு நிஜமான முடிவு. வெளியீட்டுக்குச் சுமார் ஒன்பது மாதமே இருக்கும்போது கதையை இப்படித் திருப்பிப் போட்டார்கள். 1999 நவம்பரில் படம் வந்தது. அந்த அவசரத்தில் ஊழியர்கள் பலருக்கு மணிக்கட்டும் கையும் பாழாயின, ஆகவே வேலை முறையாக அதைப் பின்பற்றக் கூடாது. ஆனால் கதைக் குறையைக் கண்டுபிடித்த விதம் தொடர் பாகம் எழுதும் எவருக்கும் பாடம்.

சில படங்களின் பிறப்பிலேயே காரணம் இருக்கும். தொலைக்காட்சித் தொடருக்காகத் தொடங்கியதைப் படமாக ஒட்டித் தருவது பழைய வழக்கம். டிஸ்னி 1994-ல் 'தி ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்' படத்தை நேரடியாக வீடியோவில் விற்று நல்ல லாபம் பார்த்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக அந்த வரிசை ஓடியது. 2002-ன் 'சிண்ட்ரெல்லா 2' மூன்று தனிக்கதைகளின் தொகுப்பு. 2003-ல் வந்த அட்லாண்டிஸ் இரண்டாம் பாகம், கைவிடப்பட்ட தொடரின் மூன்று எபிசோடுகளைச் சேர்த்துத் தைத்தது. டாய் ஸ்டோரி எடுத்த பிக்ஸாரை டிஸ்னி வாங்கிய பிறகு, 2007-ல்தான் இந்த வகைத் தொடர் பாகங்களை நிறுத்த முடிவெடுத்தார்கள். ஓடிடி வந்த பிறகு அதே பழக்கம் வேறு வாசலில் நுழைந்துவிட்டது. 2010-ல் வந்த 'மெகாமைண்ட்' படத்துக்கு 14 ஆண்டுகள் கழித்து பீகாக் ஓடிடி தளத்தில் வந்த இரண்டாம் பாகம், உண்மையில் அதே தளத்தின் புதுத் தொடருக்கு முன்னோட்டம். வில் ஃபெரல் உள்பட முக்கியக் குரல்கள் எதுவும் திரும்பவில்லை. 2024 நவம்பரில் வந்த 'மோனா 2'வும் டிஸ்னி பிளஸ் தொடராகத் தொடங்கியதுதான். திரையரங்குப் படமாக மாறியதை அறிவித்தது அதே ஆண்டு பிப்ரவரியில். தைத்த தடம் தெரிகிறது: படகில் ஏறும் புது ஆட்களுக்கு ஆளுக்கொரு குணம் மட்டும். மட்டாங்கி என்ற வவ்வால் தேவதை ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கதையிலிருந்து மறைகிறாள். உண்மையான வில்லன் நாலோ முகம் காட்டுவதே இறுதிப் பெயர்கள் ஓடும்போதுதான். தொடர் என்றால் இவை எல்லாம் சரி, அடுத்த எபிசோடுகளில் வளரும். படத்தில் வளர இடமில்லை.

இனி முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றி. டிரெய்லர் பெரிதாக உதவாது, நல்ல நகைச்சுவையையெல்லாம் அதிலேயே போட்டுவிடுவார்கள். மற்ற தகவல்கள் உதவும். இது முதலில் தொடராக இருந்ததா என்று பாருங்கள். ஒரு நிமிடத் தேடலில் கிடைத்துவிடும். முந்தைய பாகத்தின் முக்கியக் குரல்களில் எத்தனை பேர் இல்லை என்று பாருங்கள். ஒருவர் மாறினால் கவலை இல்லை, எல்லாரும் மாறியிருந்தால் அது வேறு தரத்தில் தயாரானது என்று அர்த்தம். இயக்குநர் மாறுவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். குங் ஃபூ பாண்டா இரண்டாம் பாகத்தை இயக்கிய ஜெனிஃபர் யூ நெல்சன் முதல் பாகத்தில் ஸ்டோரி பிரிவின் தலைவராக இருந்தவர். அப்படிக் கதைக் குழுவிலிருந்து ஒருவர் மேலே வந்திருந்தால் அது நல்ல சகுனம். விளம்பர வாசகங்களையும் கவனியுங்கள். "எல்லாரும் திரும்ப வருகிறார்கள்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி, நாயகனுக்கு இந்த முறை என்ன சிக்கல் என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் எழுதியவர்களுக்கும் அது தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

படம் ஓடத் தொடங்கிய பிறகு, முதல் கால் மணி நேரத்திலேயே திரையில் சில அடையாளங்கள் தெரியும். பாத்திரங்கள் ஒருவரையொருவர் தொடுகிறார்களா என்று கவனியுங்கள். கட்டிப்பிடிப்பது, தோளில் தூக்குவது, சட்டையைப் பிடித்து இழுப்பது எல்லாம் கணினி அனிமேஷனில் செலவு பிடிப்பவை; முடியும் துணியும் ஒன்றுக்குள் ஒன்று புகாமல் பார்க்க வேண்டும். நேரம் குறைந்தால் எல்லாரும் கை எட்டாத தூரத்தில் நின்றே பேசுவார்கள். இடுப்புக்கு மேலேயே ஷாட் வைப்பது இன்னொன்று. பாதம் தரையில் வழுக்காமல் பதிய வைக்கும் வேலை மிச்சம். பேசாதவர் சிலையாக நிற்பார். நகரத் தெருவில் ஒரே முகங்கள் வேறு நிற உடையில் சுற்றி வரும். எல்லா நேரமும் ஒரே மாதிரி வெளிச்சம். பெரிய நிகழ்ச்சி நடந்தது என்று யாராவது ஓடிவந்து சொல்வார், நமக்குக் காட்டமாட்டார்கள். நான்காம் பாகத்தில் இவற்றில் பலவற்றைப் பார்க்க முடியாது, அதன் தொழில்நுட்பம் அந்த அளவுக்கு இறங்கவில்லை. மெகாமைண்ட் இரண்டாம் பாகம் போன்றவற்றில் நிறையத் தெரியும்.

ஃபிரேம் குறைவாக இருப்பதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். லாஸ்ட் விஷ் படத்தின் சண்டைகளில் அசைவு வெட்டி வெட்டி வருவது வேண்டுமென்றே செய்தது. ஒரு நிலையை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி, விநாடிக்கு 12 படங்களாக ஓடவிட்டு ஓவியத் தன்மை கொண்டுவந்தார்கள். அதே படம் அமைதியான காட்சிகளில் முழு அசைவுக்குத் திரும்பிவிடும். எங்கே குறைப்பது, எங்கே கூட்டுவது என்று ஒருவர் யோசித்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

"குழந்தைகளுக்கான படம்தானே, இவ்வளவு ஆராய வேண்டுமா" என்பார்கள். எனக்கு இந்த வாதத்தின் மேல் கோபமே உண்டு. ஒரு பெரியவர் ஒரு படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு மறந்துவிடுவார். பிள்ளைகள் ஒரே படத்தை மாதக்கணக்கில் பார்ப்பார்கள். வசனம், சண்டை வரிசை, யார் யாரிடம் எப்போது மன்னிப்புக் கேட்டார் என்பது வரை மனப்பாடம். டைக்ரஸ் ஏன் வரவில்லை என்று முதலில் கேட்பது அவர்கள்தான். வேலைப்பாடு மெலிந்தால் அதிகமாக உரசுவது அந்த நூறாவது பார்வையில்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நான்காம் பாகம் பிடித்திருந்தால் அதைக் கெடுக்க வேண்டாம். ஜென்னின் துறுதுறுப்பு, போவின் இரண்டு அப்பாக்கள் பிங்கும் லீயும் சேர்ந்து அடிக்கும் கூத்து, பச்சோந்தியின் உருமாற்றம் எல்லாம் ஆறு வயதில் ரசிக்க வேண்டியவையே. ஏமாற்றம் உங்களுக்குத்தான் என்றால் வழி எளிது. இரண்டாம் பாகத்தை மறுபடி போடுங்கள், நீர்த்துளியையும் குண்டையும் பிள்ளையே பொருத்திப் பார்க்கிறதா என்று காத்திருங்கள். பிறகு மூன்றாவது. போவின் கதை அதோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டால் எந்த நூலும் அறுந்து தொங்காது: பெற்ற தகப்பனும் வளர்த்த தகப்பனும் ஒரே ஊரில், கைத்தடி போவின் கையில், ஐவரும் பக்கத்தில்.